கவரேஜ் தம்பி

வன்னியில் கம்பஸ் பொடியன் ஒருவன் லீவுக்கு வந்திருக்கிறானா என்று அறிய வீட்டுக்குள் எட்டிப் பார்க்கத் தேவையில்லை. விறாந்தைச் சுவரில் உள்ள பிளக்கைப் பார்த்தால் போதும். அதிலிருந்து ஒரு சார்ஜர் வயர் இறங்கி, கதிரைக் காலைச் சுற்றி, கட்டிலில் கிடக்கும் ஓர் உருவத்தின் நெஞ்சில் போய் முடியும். வயரின் கழுத்தில் கறுப்பு ரேப் சுற்றியிருக்கும். அதைப் பக்குவமாக வளைத்து, அடியில் ஒரு நெருப்புப்பெட்டியை முண்டு கொடுத்தால்தான் சார்ஜ் ஏறும். விளக்குக் கொளுத்த அம்மா அந்த நெருப்புப்பெட்டியை எடுத்துவிட்டால், காலையிலிருந்து பேசாத உருவம் வாய் திறக்கும்: "ஐயோ அம்மா, என்ன வேலை பார்த்தனீங்கள்!"

இவன்தான் கவரேஜ் தம்பி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் இருக்கிற கிளிநொச்சி அறிவியல் நகரிலும் இவனைக் காணலாம். வவுனியா பம்பைமடுவிலும் காணலாம். பம்பைமடு வளாகம் 2021 ஓகஸ்ட் முதலாம் திகதி தனிப் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்துவிட்டது. தம்பிதான் 4ஜியிலிருந்து தரமுயர இன்னும் காத்திருக்கிறான்.

நான் சொல்லப்போகிறவனுக்கு ஊர் ஒட்டுசுட்டான் பக்கம். மாங்குளத்துக்கு வந்து, பஸ் மாறி, ஏ9 வீதியால் வடக்கே போகவேண்டும். வழியில் எங்கே கவரேஜ் விழும், எங்கே எழும்பும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். காட்டுப் பக்கம் மயில் ஆடினாலும் தலை நிமிராது. யானை வீதியைக் கடந்தால் நிமிரும், அதுவும் வீடியோ எடுக்க. முறிகண்டியில் பஸ் நின்றதும் சனம் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டுத் தேங்காய் உடைக்கும். தம்பியும் இறங்குவான், கச்சான் வாங்குவான். ஒரு கையால் ரிக்ரொக்கைத் தள்ளிக்கொண்டு மற்றக் கையால் கச்சான் உடைப்பது லேசான வித்தையில்லை. பருப்பை நிலத்தில் போட்டுவிட்டுக் கோதை வாயில் போடுவான். இரண்டு கடி கடித்த பிறகுதான் செய்தி மூளைக்குப் போகும். அங்கேயும் கவரேஜ் குறைவு போல.

விரிவுரை மண்டபத்தில் கடைசி வரிசைக்கு ஏன் இவ்வளவு போட்டி என்று புதிதாக வந்த விரிவுரையாளர் யோசிப்பார். பிளக் அங்கேதான் இருக்கிறது. 80 வீத வரவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள் என்பதற்காகத் தம்பியின் உடம்பு ஒழுங்காக வந்துவிடும். திரையில் வருகிற ஒவ்வொரு ஸ்லைட்டையும் படம் எடுத்துக்கொள்வான். எடுத்ததைத் திறந்து பார்த்ததாகச் சரித்திரம் இல்லை. பரீட்சைக்கு முதல்நாள் இரவு சீனியர் அண்ணா 'குப்பி' என்கிற மீட்டல் வகுப்பு எடுப்பார். அதையும் முழுதாக ரெக்கோர்ட் பண்ணுவான். விடியப்புறம் புதுப்படம் ஒன்றை இறக்கப் போனில் இடம் போதாமல், முதலில் அழிவது அந்தக் குப்பிதான்.

அவன் ஆந்தையாகத் திரிவதற்கு அவனை மட்டும் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. பகல் டேட்டாவைக் கிள்ளியும் இரவு டேட்டாவை அள்ளியும் கொடுக்கிற பக்கேஜ்களை விற்றது கம்பனிகள். நள்ளிரவு தாண்டியதும் விடுதி அறைகளில் திருவிழா தொடங்கும். மிஞ்சின டேட்டாவை விடியமுன் முடிக்காவிட்டால் காசு நட்டமாம். சிக்கனமாக வளர்ந்த பிள்ளை, வீணாக்க மாட்டான்.

இந்த விஷயம் ஊருக்கு எப்படித் தெரியவருகிறது? சுவிஸ் மாமாவால். போன் வாங்கி அனுப்பியவரும் அவர்தான். "அக்கா, உன்ரை மோன் விடிய ரண்டு மணிக்கும் ஒன்லைனிலை நிக்கிறான், படிக்கிறானோ என்ன செய்யிறானோ?" என்று வட்ஸ்அப்பில் குரல் பதிவு வரும். அதைத் திறந்து கேட்க அம்மாவுக்குத் தெரியாது. தம்பியே திறந்து போட்டுக் காட்டவேண்டும். தன்மீதான குற்றப்பத்திரிகையைத் தானே வாசித்துக் காட்டுகிற சந்தேகநபர் இலங்கையில் வேறு இல்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து வகுப்புகள் சூமுக்குப் போனபோது இவன் பட்ட பாட்டைப் பரிகசிக்கக்கூடாது. பின்வளவில் கொய்யாவுக்குக் கீழே கிடந்த உரலில் ஏறி நின்றால் இரண்டு கோடு கவரேஜ் கிடைக்கும். இறங்கினால் ஒன்றும் இல்லை. உரலில் நின்றபடி விரிவுரை கேட்டான். அம்மா மா இடிக்க உரலை உருட்டிக்கொண்டு போனால் அன்றைய விரிவுரை அத்தோடு சரி. "நெட் வேலை செய்யேல்லை சேர்" என்று அவன் மின்னஞ்சல் எழுதியபோது அது பொய்யே இல்லை. அன்று பழகிய கைதான் பிறகு போனைக் கீழே வைக்க மறுத்தது.

இதை வருத்தம் என்று சொல்கிறவர்களுக்கு ஒரு பழைய கதை. 1995இல் நியூயோர்க் மனநல மருத்துவர் ஐவன் கோல்ட்பர்க், 'இணைய அடிமைத்தனம்' என்றொரு நோயைப் பகிடிக்காகக் கட்டிவிட்டு, அதன் அறிகுறிகளைப் பட்டியல் போட்டார். விரல்கள் தாமாகவே தட்டச்சு செய்வதுபோல அசைவதும் அதில் ஒன்று. வாசித்தவர்கள் சிரிக்கவில்லை, தங்களுக்கும் அந்த நோய் இருக்கிறதென்று அவரிடமே முறையிட்டார்கள். இன்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறு உண்மையாகவே இருக்கிறது. கச்சான் கோது தின்பது இன்னும் சேர்க்கப்படவில்லை.

அப்பா தன் பங்குக்கு உறுமுவார்: "நாங்கள் உந்த எழவு ஒண்டும் இல்லாமல்தான் வளர்ந்தனாங்கள்." சும்மா சொல்லக்கூடாது, உண்மைதான். யுத்தகாலத்துப் பொருளாதாரத் தடையின்போது வன்னிக்குள் பற்றரி வராது, மின்சாரமும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ போட்டு பிபிசி தமிழோசை கேட்ட சனம் இது. சுற்றுகிற கை தளர்ந்தால் செய்தியும் தளரும். தம்பி போனிலிருந்து கண் எடுக்காமலே கேட்பான்: "ஒரு நாளாவது கேக்காமல் இருந்தனீங்களோ அப்பா?"

"அது செய்தியடா!"

"இதுவும் செய்திதான்."

அவன் அப்போது பார்த்துக்கொண்டிருந்தது ஒரு நாய்க்குட்டி குளிக்கிற வீடியோ. வழக்கில் வென்றவன் அவன்தான் என்பது என் தீர்ப்பு.

அந்தச் செய்திக்கும் ஒரு நாள் தடை வந்தது. 2022 ஏப்ரல் 3, ஞாயிற்றுக்கிழமை. 13 மணித்தியால மின்வெட்டையே தாங்கிக்கொண்டிருந்த நாட்டில், தனக்கெதிரான போராட்டத்துக்குப் பயந்து அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், யூரியூப் எல்லாவற்றையும் சுமார் 15 மணித்தியாலம் முடக்கியது. விளையாட்டுத்துறை அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்ச, விபிஎன் போட்டுக்கொண்டு ட்விட்டரில் வந்து, இப்படியான தடையால் பயனில்லை என்று எழுதினார். ஒட்டுசுட்டானில் தம்பி அதற்குள் தன் போனிலும், அம்மாவின் போனிலும், பக்கத்து வளவு ஆச்சியின் போனிலும் விபிஎன் இறக்கி முடித்திருந்தான். ஆச்சிக்குக் கனடாவிலிருந்து பேத்தியின் முகம் வழக்கம்போல வந்தது. இணையத்தில் கிடந்து கெட்டுப்போகிறான் என்று அவனை அதிகம் திட்டியவரும் ஆச்சிதான். அன்று கூப்பிட்டு ஒரு பணியாரம் கொடுத்தார்.

வெளிநாட்டில் இருக்கிற மாமாமாரிடம் ஒரு வேண்டுகோள். பொடியன் சாமத்தில் ஒன்லைனில் நிற்கிறான் என்று தாய்க்கு அறிவிக்குமுன், அந்நேரம் நீங்கள் அங்கே என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதற்கும் ஒரு பதிலை யோசித்து வையுங்கள். அக்கா கேட்கமாட்டா. மாமி கேட்பா.