மூளைக்கு லீவு

ஸ்ரீவில்லிபுத்தூர் அருகே கிருஷ்ணன்கோவிலில் 1984-இல் ஒரு பொறியியல் கல்லூரி வந்தது. இன்று அது கலசலிங்கம் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். அங்கே படித்து முடித்துப் பெங்களூருக்குப் பஸ் ஏறுகிற பிள்ளைகள் பலருக்கும் முப்பத்தைந்து வயதில் ஓர் ஆசை பிறக்கிறது: வேலையை உதறிவிட்டு ஊர்ப்பக்கம் தோப்பு போட வேண்டும். மூளை களைத்துவிட்டதாம், இனி உடம்பு உழைக்கட்டுமாம். உடம்பிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா, தெரியவில்லை. உடலுழைப்புதான் வேண்டுமென்றால் ராஜபாளையத்தில் பஞ்சமே இல்லை. ராஜபாளையம் மில்ஸ் தொடங்கியது 1936-இல். அதன் பிறகு எத்தனையோ நூல் மில்கள். பஞ்சுத் தூசிக்கும் இயந்திர இரைச்சலுக்கும் நடுவே நைட் ஷிப்ட் பார்த்தால் உடம்பு நன்றாகவே உழைக்கும். ஆனாலும் மூளைக்கு ஓய்வு தேடி அந்த வாசலில் யாரும் நிற்பதில்லை. நூறு நாள் வேலைக்கு அட்டை கேட்பதும் இல்லை. மாமர நிழலும் கயிற்றுக் கட்டிலும் சேர்ந்து வருகிற உழைப்பு மட்டுமே இவர்களுக்கு உழைப்பு.

எதிர்க்கட்சிக்காரர்கள் உடனே பெரியாழ்வாரைச் சாட்சிக்கு இழுப்பார்கள். மதுரையில் பாண்டியன் அவையில் வாதாடிப் பொற்கிழி வென்றபின், ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பிப் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றியவர் ஆயிற்றே! நல்ல சாட்சிதான், ஆனால் என் கட்சிக்கு. அவர் தொழிலை மாற்றவே இல்லை. முதலிலிருந்தே நந்தவனக்காரர், ஒரு நடை வெளியூர் போய்வந்தார், அவ்வளவே. அந்த நந்தவன வேலையாவது தலைவலி இல்லாததா? தினமும் வேளை தவறாமல் பெருமாளுக்கு மாலை போய்ச் சேர வேண்டும். மாலையில் ஒருநாள் தலைமுடி கிடந்தது. விசாரித்தால் வீட்டுப் பெண்ணே சூடிப் பார்த்திருக்கிறாள். பதறிப்போய்ப் புது மாலை கட்டினால், பெருமாள் பழையபடி சூடிக் கொடுத்ததே வேண்டும் என்கிறார். இப்படிப் போகிறது ஐதீகம். “இது பக் இல்லை சார், ஃபீச்சர்” என்று வாடிக்கையாளரிடம் கெஞ்சுவது மென்பொருள்காரர் வழக்கம். வாடிக்கையாளரே அப்படிச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

உடம்பு களைத்தால் தூக்கமாவது வருமே என்பார்கள். இதை என்னால் மறுக்க முடியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவரைப் பாருங்கள். அடுப்பின் முன் நின்று கை ஓயாமல் கிண்ட வேண்டும். கொஞ்சம் அசந்தாலும் அடிபிடித்து அத்தனை பாலும் வீண். 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே தவிர அடுப்பின் சூடு குறையவில்லை. கைக்கு எவ்வளவு வேலையோ அவ்வளவு வேலை மூளைக்கும் உண்டு. ஆனால் பால் இறுகிவிட்டால் சட்டியை இறக்கிவிடலாம். ‘சிறு திருத்தங்கள் உள்ளன, மறுபடி பாலாக்கி அனுப்பவும்’ என்று ராத்திரி பதினோரு மணிக்கு மெயில் வராது. யோசித்து யாரும் செத்ததில்லை. முடியவே முடியாத வேலைதான் ஆளைத் தின்கிறது என்று எனக்குப் படுகிறது.

அப்படியானால் முடிகிற வேலையாகப் பார்த்துப் போக வேண்டியவர்கள் நேராக எங்கே போய் விழுகிறார்கள்? மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில், 2021-இல் புலிகள் காப்பகமான காட்டை ஒட்டி, ஒரு தென்னந்தோப்பில். மும்முனை மின்சாரம் நடுச்சாமத்தில் வந்தால் நடுச்சாமத்தில் எழுந்து மோட்டார் போட வேண்டும். பூச்சி, மழை, தேங்காய் விலை, வியாபாரி என்று எதையும் முடித்துவிட்டோம் என்று சொல்லிப் படுக்க வழியில்லை. யானை இறங்கி நாலு கன்றைப் பிடுங்கிப் போட்டால் வனத்துறைக்கு மனு எழுதிக் காத்திருக்க வேண்டும். பெங்களூரில் அதற்குப் பெயர் டிக்கெட்.