மருமோனின் நாப்பதாம் நம்பர்

கேளும் மருமோன், உம்மட ஆசையை நான் குறை சொல்லேல்லை. பலாரோச் சந்தைப் பக்கம் வீடு, வாசலில பழைய பியட் 500, அதின்ர பின்பக்கத்தில இரட்டைத் தொண்டை வெபர் 40 காபரேட்டர் பூட்டி நிக்குதெண்டால் பலேர்மோவே திரும்பிப் பார்க்கும். செமாபோரோ லைற்றில கார் இருமி நிண்டால் இன்னும் வடிவாப் பார்க்கும். பின்னால ஆப்பே மூண்டுசில்லு வண்டியில தக்காளி கொண்டு வாறவன் ஹோர்ன் அடிச்சு, பாராத ஆக்களையும் பார்க்க வைப்பான்.

நீர் படிச்ச பிள்ளை. ஒரு சின்னக் கணக்குக்குப் பயப்பிட மாட்டீர். உம்மட இஞ்சின் 499.5 சிசி. நாலு ஸ்ட்ரோக் இஞ்சின் எண்டபடியால் இரண்டு சுற்றுக்கு ஒருக்காத்தான் வயிறு நிரம்பக் காத்து எடுக்கும். நிமிஷத்துக்கு 4,400 சுற்றில முறுக்கினாலும் கணக்குக்கு 1,100 லீற்றர். முழுசா நிரம்பிறதும் இல்லை, கொஞ்சம் குறையத்தான் போகும். மேல 40 வைச்சாலும் 80 வைச்சாலும் அதுக்கு மேல ஒரு மிடறு குடியாது. அமெரிக்கப் பெடியளுக்கும் இதே விசர்தான். 5.7 லீற்றர் வி8 இஞ்சின் 5,500 சுற்றில முழுசா நிரம்பினாலும் நிமிஷத்துக்கு 550 கன அடியை ஒட்டித்தான் கேக்கும். அவை 750 கன அடிக் காபரேட்டர் போட்டுட்டு, கார் ஏன் முக்குதெண்டு ஊரைக் கேப்பினம்.

வெபரில வெட்டியிருக்கிற நம்பர் குதிரைவலு இல்லைக் காணும். திரொட்டில் தட்டு நிக்கிற துவாரத்தின்ர அகலம், மில்லிமீற்றரில. தொழிற்சாலை உமக்குத் தந்தது 26. நாப்பதெண்டால் பதினாலுதானே கூட எண்டு நினைக்கிறீர். வட்டத்தின்ர பரப்பைப் போட்டுப் பாரும், இரண்டேகால் மடங்குக்கு மேல வரும். அது ஒரு தொண்டைக்கு. நீர் வாங்கப் போறதில இரண்டு தொண்டை!

பெரிசாய் இருந்தால் என்ன கெடுதி எண்டு கேப்பீர். காபரேட்டருக்குள்ள ஒரு இடுக்கு இருக்கு, வென்சூரி எண்டுவினம். காத்து அதுக்குள்ளால விரைஞ்சு போகேக்கை அங்க அமுக்கம் விழும். அந்த இழுவையிலதான் பெற்றோல் ஜெட்டால ஏறி, புகாராகிக் காத்தோட கலக்குது. இடுக்கை அகலமாக்கினால் காத்து ஆறுதலாப் போகும், பெற்றோல் ஏறாது, ஏறினதும் துளித்துளியா விழும். இளநியை ஸ்ட்ரோவால உறிஞ்சாமல் மூண்டு அங்குல பைப்பால உறிஞ்சிப் பாரும், விளங்கும்.

ஞாயிற்றுக்கிழமையில சாந்தா ரோசாலியாவைக் கும்பிட மொந்தே பெல்லெக்ரினோ ஏறுவீர் எல்லே? எங்கட சனம் நடந்தே ஏறும். நீர் காரில மாமியை ஏத்திக்கொண்டு போவீர். வளைவில சுற்று விழும். நீர் அடிமட்டும் மிதிப்பீர். தட்டு முழுசாத் திறக்கும், ஆனால் இஞ்சின் இழுக்கிற காத்து கொஞ்சம், வாய் பெரிசு. அக்சிலரேட்டர் பம்ப் பெற்றோலை ஒரு பீச்சு பீச்சும், கார் ஒரு துள்ளுத் துள்ளும், பிறகு ஒரு முக்கல், பிறகு அமைதி. மாமி அம்மாளை உரத்துக் கூப்பிடுவா. புண்ணியம் உமக்குத்தான்.

தார்கா ப்ளோரியோவில எல்லாரும் பெரிய வெபர் போட்டவை எண்டு சொல்லுவீர், தெரியும். 1906இல வின்சென்சோ ப்ளோரியோ தொடக்கின கார் ஓட்டம். மடோனி மலையில பிற்காலத்தில ஒரு சுற்று 72 கிலோமீற்றர். எங்கட பலேர்மோ நீனோ வாக்கரெல்லா, பள்ளிக்கூட அதிபர், 1965, 1971, 1975 எண்டு மூண்டு தரம் வெண்டவர். ஆனால் அவைக்கு ரோட்டைப் பூட்டிக் குடுத்தவை. உமக்கு மக்கேதாத் தெருவை ஆர் பூட்டித் தருவினம்? அதிலயும் ஒரு பகுதி பூட்டித்தான் கிடக்கு, நடக்கிற சனத்துக்காக! உம்மட கார் உச்சத்தில ஓடினால் 95. ஊருக்குள்ள சட்டம் 50. மேல் கியரில அந்த 50க்கு, உச்சச் சுற்றின்ர பாதிக்குச் சற்று மேலதான் வேணும். காபரேட்டரை நீர் இருக்கிற சுற்றுக்கு எடும், கனவு காணுற சுற்றுக்கு எடாதையும்.

என்ர கதையை நம்பாட்டில் அபார்த்தைக் கேளும். பியட் 500ஐ முறுக்கி விக்கிறதே தொழிலா இருந்த ஆள். 594 சிசியாக்கி 27 குதிரைவலு எடுத்தார். போட்டது சோலெக்ஸ் 28. 690 சிசிக்குக் கிட்டக் கொண்டுபோய், இஞ்சினையும் திருத்தி, 38 எடுத்த 695 எஸ்.எஸ்.க்கு 34. காரில தன்ர தேள் சின்னம் குத்தின மனுசனே அதுகளுக்கு 40 எண்டு வாய் திறக்கேல்லை. நீர் திறந்திட்டீர்!

ஊரிலயும் நாங்கள் பார்த்தம். தொண்ணூறுகளில யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை. மொரிஸ் மைனரும் ஏ40உம் மண்ணெண்ணெயில ஓடினது. ஸ்டார்ட் பண்ண மட்டும் காபரேட்டர் வாய்க்குள்ள பெற்றோலைச் சொட்டுக் கணக்கில விடுவினம். பெரிய வாய் வேணுமெண்டு அப்ப ஒருத்தரும் கேக்கேல்லை. மைனரில இருந்த எஸ்.யூ. காபரேட்டருக்கு உம்மை விட மூளை கூட: இஞ்சின் இழுக்கிற அளவுக்கு உள்ள இருக்கிற பிஸ்டன் தானா எழும்பி வழியைத் திறக்கும்.

உம்மட 26ஐக் கழட்டிக் கழுவும். ஊசி வால்வும் கஸ்கெற்றும் புதுசா மாத்தும். திரொட்டில் தண்டு தேஞ்சு ஆடுதோ எண்டு பாரும். பாதி வருத்தம் அந்த ஆட்டத்தால உள்ள போற கள்ளக் காத்தாலதான். பிறகு கொஞ்சத் தூரம் ஓடிப்போட்டு பிளக்கைக் கழட்டிப் பாரும். பிஸ்கற் நிறமெண்டால் சரி, கரியெண்டால் பெற்றோல் கூட, வெள்ளையெண்டால் குறைவு. அதுக்குப் பிறகும் ஆசை அடங்கேல்லையெண்டால், பியட் 126இல வந்த வெபர் 28ஐ எடுத்து, ஜெட்டைத் தெரிஞ்ச ஆளிட்டச் சரிபார்த்துப் பூட்டும். அதோட நிப்பாட்டும். இரண்டு வருஷத்துக்கு ஒருக்கா ரெவிசியோனேப் பரிசோதனையில புகை பார்க்கிறவனுக்கு உம்மட வீரக்கதை விளங்காது.

மிச்சக் காசை பிரேக்குக்குப் போடும் மருமோன். அந்தக் காருக்கு நாலு சில்லிலயும் டிரம் பிரேக்தான்.