கோப்பையின் உயரமும் போட்டியின் தகுதியும்: ஓர் எதிர்விகித ஆய்வு

போட்டி எவ்வளவு சிறியதோ, அதன் கோப்பை அவ்வளவு நெட்டையாக இருக்கும் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். அறிஞர் பெருமக்கள் இதை இதுவரை கண்டுகொள்ளாதது வியப்புக்குரியது.

சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. பண்டைய ஒலிம்பியாவில் வென்றவன் பெற்றது ஆலிவ் இலை வளையம். உயரம் ஏறத்தாழப் பூஜ்யம். 1882இல் முளைத்த இங்கிலாந்து–ஆஸ்திரேலியா கிரிக்கெட்டின் ஆஷஸ் பகைக்கு உரிய கலசம் சுமார் 11 செ.மீ. அதையும் வீட்டுக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள். ஆஸ்திரேலியா ஜெயித்தாலும் அசல் கலசம் லார்ட்ஸ் மைதான அருங்காட்சியகத்தில்தான். 1974 முதல் வழங்கப்படும் உலகக் கால்பந்துக் கோப்பை 36.8 செ.மீ.

இனி நம்மூர்ப் பொங்கல் டென்னிஸ் பால் கிரிக்கெட் போட்டிக்கு வருவோம். எட்டு ஓவர் ஆட்டம். முதல் பரிசுக் கோப்பை கேப்டனின் இடுப்பைத் தாண்டும். தங்க நிறத்தில் நான்கு பிளாஸ்டிக் தூண்கள், மேலே ஒரு தட்டு, மறுபடி தூண்கள், உச்சியில் சிறகு விரித்த தேவதை. அத்தனையையும் கோத்து நிறுத்துவது நடுவில் ஓடும் ஒரே கம்பி. அடியில் நட்டு கொஞ்சம் தளர்ந்தால் போதும், தேவதை வென்ற அணிக்கே முதுகைக் காட்டுவாள். பீடத்து ஸ்டிக்கரில் ‘உபயம்’ என்று தொடங்கி நகைக்கடையின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். ஜெயித்த அணியின் பெயருக்கு இடமிருக்காது. (இதை ஒரு குறையாக எந்த அணியும் சொல்லிக் கேட்டதில்லை.)

மறுப்பாளர்கள் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியின் ஸ்டான்லி கோப்பையைக் காட்டக்கூடும். அது முக்கால் மீட்டருக்கு மேல். ஆனால் 1892இல் ஸ்டான்லி பிரபு கொடுத்தது வெறும் கிண்ணம். வென்றவர்கள் பெயர்களைப் பொறிக்க இடம் போதாமல் அடியில் வளையம் வளையமாகச் சேர்த்ததில் வளர்ந்துவிட்டது. வருகைப்பதிவேட்டை உயரக் கணக்கில் சேர்ப்பது ஆய்வு நெறிக்குப் பொருந்தாது.

கடினமான மறுப்பு தஞ்சாவூரில் நிற்கிறது. சாளுக்கியரின் கல்யாணபுரத்தை அழித்த முதலாம் இராஜாதிராஜ சோழன், அங்கிருந்து துவாரபாலகர் கற்சிலை ஒன்றையே தூக்கிவந்துவிட்டான். வெகுகாலம் தாராசுரத்தில் இருந்த அதன் பீடத்தில், எந்த ஊரை வென்று யார் கொண்டுவந்தது என்று தமிழில் வெட்டியிருக்கிறது. அவ்வளவு பெரிய போருக்கு இவ்வளவு பெரிய சிலையா, கருதுகோள் உதைக்கிறதே என்பார்கள். உதைக்கவில்லை. இராஜாதிராஜன் அதைக் கடையில் ஆர்டர் கொடுத்துச் செய்யவில்லை. தோற்றவன் வாசலில் என்ன அளவில் நின்றதோ அந்த அளவில் எடுத்துவந்தான். தவிர, பீடத்தில் நகைக்கடை எதுவும் இல்லை.