நாலு மீட்டருக்குள் அடங்காத குடும்பத்தின் விண்ணப்பம்

அனுப்புநர்:
கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள ஒரு பாட்டி,
முடிச்சூர், சென்னைப் புறநகர்.

பெறுநர்:
சரக்கு மற்றும் சேவை வரி மன்றம்,
புது தில்லி.

பொருள்: நடுத்தர அளவு செடான் கார் வாங்க ஆசைப்பட்டமைக்கு மன்னிப்புக் கோருதல் தொடர்பாக.

பார்வை: தங்களது 55 மற்றும் 56ஆவது கூட்டங்கள்.

மாண்புமிகு மன்றத்துக்கு வணக்கம்.

கார் வாங்குவது என்று எங்கள் வீட்டில் முடிவாகி, எந்தக் கார் என்பது மட்டும் முடிவாகாமல் இழுத்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து, 2025 செப்டம்பர் 22 முதல் அமலான தங்கள் புதிய வரி அட்டவணை வந்து சேர்ந்தது. மிக்க நன்றி. இனி டெஸ்ட் டிரைவ் வேண்டாம், மைலேஜ் கணக்கு வேண்டாம், எல்லாம் தெரிந்த மாமாவுக்குப் போன் போட்டு அரை மணி நேரம் கேட்க வேண்டாம். தாங்களே டேப் பிடித்து அளந்து எங்களுக்கு எது ஆகும், எது ஆகாது என்று சொல்லிவிட்டீர்கள்.

அட்டவணையைப் பாட்டிக்கு உரக்கப் படித்துக் காட்டினோம். 40 சதவீத வரிசையில் கைத்துப்பாக்கி இருக்கிறது. உல்லாசப் படகு, சொந்த உபயோக விமானம், சூதாட்ட விடுதி, குதிரைப் பந்தயம், ஐ.பி.எல். டிக்கெட், சர்க்கரை போட்ட சோடா எல்லாம் இருக்கின்றன. இவற்றோடு தோளோடு தோள் உரசிக்கொண்டு ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் வெர்னா, ஸ்கோடா ஸ்லாவியா, ஃபோக்ஸ்வேகன் வெர்டுஸ் ஆகியவையும் நிற்கின்றன. “நல்லவங்க யாரும் வாங்கற வண்டி இல்லையாடா அது?” என்று பாட்டி கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் தங்களுக்கு எழுதுகிறோம்.

தங்கள் விதி எளிமையானது. நீளம் 4,000 மில்லிமீட்டருக்குள், பெட்ரோல் என்ஜின் 1,200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1,500 சி.சி.க்குள். இதில் அடங்கினால் சின்ன கார், 18 சதவீதம். ஒரு மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் 40. விலை என்ன, யார் ஓட்டுகிறார்கள், எத்தனை பேர் உட்காருகிறார்கள், எவ்வளவு எண்ணெய் குடிக்கிறது என்பதெல்லாம் டேப்புக்குத் தெரியாது.

இந்த டேப் தாங்கள் வாங்கியதல்ல, தங்களுக்கு வந்த சீதனம் என்பது எங்களுக்குத் தெரியும். 2006 பட்ஜெட்டில் சின்ன கார்களுக்கான உற்பத்தி வரி 24 சதவீதத்திலிருந்து 16 ஆனபோது பிறந்தது அது. அன்று ஒரு நுனியைப் பிடித்தவர் சிவகங்கைச் சீமையின் ப. சிதம்பரம். இன்று மறு நுனியைப் பிடித்திருப்பவர் மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன். கட்சி வேறு, கொள்கை வேறு, பேசும் மேடை வேறு. டேப் மட்டும் ஒன்றே. தமிழர்கள் பெருமைப்பட இதில் கொஞ்சம் இடமிருக்கிறது என்று நினைக்கிறோம்.

டேப் வந்த பிறகு கம்பெனிகள் கத்தரிக்கோலை எடுத்தன. 2008இல் டாடா இண்டிகோ சி.எஸ். வாலைச் சுருக்கிக்கொண்டு வந்தது. அதே ஆண்டு 4,160 மி.மீ. நீளத்தில் பிறந்த ஸ்விஃப்ட் டிசையர், 2012இல் 3,995க்கு வந்து நின்றது. வெட்டிய 165 மி.மீ. முழுக்கப் பின்பக்கம்தான் போயிற்று என்பது டிக்கியைத் திறந்தாலே தெரியும்: முன்பு 440 லிட்டர், பிறகு 316. மீதி 124 லிட்டர் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அமேஸ், எக்ஸ்சென்ட், ஜெஸ்ட், ஆஸ்பயர், அமியோ என்று கம்பெனி கம்பெனியாக வந்தன. எல்லாம் 3,990, 3,995 என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு எல்லைக்கோட்டுக்கு இந்தப்பக்கம் நின்றன. கார் வரைகிறவர்கள் முதலில் காரை வரைய வேண்டும். நம் நாட்டில் முதலில் சுவரை வரைந்துவிட்டு, அதற்குள் காரைத் திணிக்கிறார்கள். முன்பக்கம் ஒருவர் வரைந்து பின்பக்கம் இன்னொருவர் முடித்ததுபோல் நம் தெருக்களில் ஓடிய சில வண்டிகளுக்குத் தாங்கள்தான் தலைமை வடிவமைப்பாளர். இதுவரை யாரும் தங்களுக்கு விருது கொடுக்காதது அநியாயம்.

இப்போது எங்கள் விஷயத்துக்கு வருகிறோம். ஸ்லாவியாவில் ஒரு வகையின் என்ஜின் 999 சி.சி.தான். தங்கள் 1,200 எல்லைக்குள் அது சம்மணம் போட்டு உட்காரும். ஆனால் உடம்பு 4,541 மி.மீ. ஆகவே ஆடம்பரம், 40 சதவீதம். மூன்று கதவு மஹிந்திரா தார் இருக்கிறது. 1,497 சி.சி. டீசல், 3,985 மி.மீ. நீளம், தரைக்கும் வயிற்றுக்கும் நடுவில் 226 மி.மீ. இடைவெளி. நாலு பேர் உட்காரலாம், ஐந்தாமவர் பஸ்ஸில் வரலாம். பின்சீட்டுக்குப் போக முன்சீட்டை மடித்து உள்ளே தாவ வேண்டும். இது தங்கள் கணக்கில் சின்ன கார், 18 சதவீதம். அருமையான வண்டி, குறை சொல்லவில்லை. ஆனால் மலையேறப் பிறந்த அதைச் சாமானியனின் கார் என்றும், பாட்டியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகிற காரை உல்லாசப் படகின் உறவு என்றும் வகைப்படுத்திய கை யாருடையதோ, அதற்கு ஒரு வளையல் போட வேண்டும்.

இன்னும் மேலே போனால் பி.எம்.டபிள்யூ. ஐ7. 5,391 மி.மீ. நீளம், விலை 2 கோடிக்கு மேல். மின்சாரத்தில் ஓடுவதால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். (சுங்க வரி தனிக் கதை, அது தங்கள் இலாகா இல்லை.) காற்று சுத்தமாவது எங்களுக்கும் சந்தோஷம்தான். கோடீஸ்வரர் சுத்தமான காற்றுக்கு 5 கொடுக்க, 999 சி.சி.யில் புகைவிடுகிற நாங்கள் 40 கொடுத்து அவருக்கு ஈடுகட்டுகிறோம். சமூக நீதி என்றால் இப்படித்தான் சுற்றி வரும்போல.

“45 சதவீதமாக இருந்ததை 40 ஆகக் குறைத்தோமே, அதற்கு நன்றி இல்லையா?” என்று தாங்கள் கேட்கலாம். இருக்கிறது. முன்பு 28ம் அதன்மேல் 17 சதவீத இழப்பீட்டு வரியுமாக 45 வந்தது. இப்போது 40. ஆனால் அதே நாளில் சின்ன பெட்ரோல் காருக்கு 29இலிருந்து 18 ஆக்கினீர்கள். எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் 16 புள்ளியாக இருந்த மதில் 22 புள்ளியாக உயர்ந்துவிட்டது. இரண்டு பிள்ளைகளுக்கும் மிட்டாய் கொடுத்தீர்கள். ஒருவனுக்கு இரண்டு மடங்குக்கு மேல்.

ரூபாயில் சொன்னால்தான் வலி தெரியும். வரியில்லாமல் 10 லட்சம் விலை என்று இரண்டு கார்களை வைத்துக்கொள்வோம். சின்னதுக்கு வரி 1.8 லட்சம், நடுத்தரத்துக்கு 4 லட்சம். வித்தியாசம் 2.2 லட்சம். 4,541இல் 4,000 போக மீதி 541 மி.மீ. வகுத்துப் பார்த்தோம்: நீண்ட ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் சுமார் 400 ரூபாய். தி. நகரில் பட்டு எடுத்தாலும் மில்லிமீட்டருக்கு இவ்வளவு ஆகாது. தங்கள் 4 லட்சத்தோடு ஷோரூம் விலை 14 லட்சமாகிறது. அதன்மேல் தமிழ்நாட்டு ஆயுள் வரி. 2023 நவம்பர் முதல் 10இலிருந்து 20 லட்சம் வரையான கார்களுக்கு அது 18 சதவீதம், அதாவது 2.52 லட்சம். தாங்கள் போட்ட வரிக்கும் சேர்த்து மாநிலம் வரி வாங்குகிறது. இதைத்தான் கூட்டாட்சி என்கிறார்கள் என்று புரிந்துகொண்டோம். 10 லட்சத்தைத் தாண்டியதற்காக வருமான வரிக்காரர்கள் 1 சதவீதம் பிடித்துவைத்துக்கொண்டு பிறகு கணக்குக் காட்டச் சொல்வார்கள், அது போகட்டும்.

இத்தனைக்கும் வெர்னா எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில்தான் தயாராகிறது. டிரெய்லர் லாரியில் ஏறிப் போவதை அடிக்கடி பார்க்கிறோம். பார்ப்பதற்கு இதுவரை வரி இல்லை. (யோசனை சொல்லிக்கொடுத்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

“அப்படியானால் நாலு மீட்டருக்குள் ஒரு எஸ்.யு.வி. வாங்கிக்கொள்ளுங்களேன்” என்று ஷோரூம் தம்பியும் சொன்னார். “செடான் எல்லாம் இப்ப யார் சார் வாங்கறாங்க? சியாஸையே நிறுத்திட்டாங்க” என்றார். உண்மைதான். 2014இல் வந்த சியாஸ் 2025இல் நின்றுபோயிற்று. ஆனால் பாட்டியை அந்த உயர வண்டியில் ஏற்றிப் பார்த்தபோது, ஒரு காலைத் தூக்கி வைத்துவிட்டு மறுகால் வராமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். “மாட்டு வண்டியில ஏறக்கூட ஒரு முக்காலி போடுவாங்கடா” என்றார். செடானில் பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து இரண்டு காலையும் உள்ளே எடுத்துக்கொண்டால் போதும். முழங்கால் தேய்ந்தவர்கள் இருக்கும் வீட்டில் இது ஆடம்பரம் இல்லை, மருத்துவச் செலவு. தங்கள் விதியில் சி.சி. உண்டு, மி.மீ. உண்டு. படியேறும் உயரம் என்று ஒரு வரி சேர்க்க முடியுமா?

எனவே பழைய கார் பக்கம் திரும்பினோம். அங்கேதான் தங்கள் மேதைமையை முழுதாக உணர்ந்தோம்.

2024 டிசம்பர் 21, ஜெய்சல்மேர், தங்கள் 55ஆவது கூட்டம். பாப்கார்னில் உப்புக்கு ஒரு வரி, பாக்கெட்டுக்கு ஒரு வரி, கேரமலுக்கு ஒரு வரி என்று தாங்கள் விளக்கியதில் நாடே சிரித்துக்கொண்டிருந்ததால், அதே கூட்டத்தில் பழைய கார்களைப் பற்றிச் சொன்னதைப் பலர் கவனிக்கவில்லை. அதுவரை பழைய சின்ன காருக்கு 12, பெரியதற்கு 18. இனி எல்லாப் பழைய கார்களுக்கும் ஒரே 18 என்று அன்று முடிவு செய்தீர்கள். அதுவும் பதிவுபெற்ற வியாபாரியின் லாபத்தின்மேல் மட்டும். தனியாள் தனியாளுக்கு விற்றால் அதுவும் இல்லை. கேரமல் பாப்கார்னுக்கும் பழைய காருக்கும் அன்று ஒரே விகிதம் அமைந்ததைத் தற்செயல் என்றே எடுத்துக்கொள்கிறோம்.

இதன் தத்துவம் புரிய எங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புதிதாக இருக்கும்போது 4,541 மி.மீ. பாவம். ஐந்து வருடம் கழித்து அதே கார், அதே நீளம், அதே டிக்கி. ஆனால் பாவம் இல்லை! பழைய கார் சந்தையில் தாங்கள் டேப்பையே சுருட்டி வைத்துவிட்டீர்கள். முதல் உரிமையாளர் தங்கள் வரியையும் மாநிலத்தின் வரியையும் தலையில் சுமந்து தீர்த்துவிட்டார். ஆயுள் வரி வண்டியோடு வருகிறது. நாலு வருடம் முடிந்து ஐந்தாம் வருடத்தில் ஓடும் வண்டிக்கு இன்சூரன்ஸ்காரர்கள் பாதி மதிப்பைக் கழித்துவிடுகிறார்கள். ஆக, குடும்பத்துக்கு நல்ல செடான் வேண்டுமென்றால் வசதியான இன்னொருவரை முதலில் பாவம் செய்யவைத்துவிட்டு, மிச்சத்தை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதே தங்கள் அறிவுரை. இதை நேரடியாகச் சொல்லியிருந்தால் ஷோரூமுக்குப் போன பெட்ரோல் மிச்சமாகியிருக்கும்.

ஆனால் பழைய காரில் ஒரு சங்கடம். நாங்கள் பார்த்த எல்லா வண்டியும் சிங்கிள் ஓனர். எல்லாம் டாக்டர் ஓட்டியது. கம்பெனி சர்வீஸ், கீறல் இல்லை, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டும் போனது. தமிழ்நாட்டில் இத்தனை டாக்டர்கள் இருந்தும் ஆஸ்பத்திரியில் ஏன் கூட்டம் என்பது அன்றுதான் புரிந்தது. அவர்கள் எல்லோரும் கார் விற்கப் போய்விட்டார்கள். மீட்டர் 38,000 என்கிறது, பிரேக் பெடலின் ரப்பர் லட்சத்தைத் தாண்டித் தேய்ந்திருக்கிறது. நாங்கள் 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த முடிச்சூர்க்காரர்கள். அதனால் வண்டிக்குள் ஏறியதும் சீட் பெல்ட்டை முழுக்க இழுத்து, கடைசியில் சேற்றுக்கோடு இருக்கிறதா என்று பார்ப்போம். டிக்கிக் கம்பளத்தைத் தூக்கி ஸ்டெப்னிக் குழியை முகர்ந்து பார்ப்போம். விற்பவர் முகம் மாறினால் அடுத்த வண்டிக்குப் போவோம். தாங்கள் வியாபாரியின் லாபத்துக்கு வரி போட்டது சரி. ஆனால் அவருடைய நிஜ லாபம் பில்லில் இல்லை, மீட்டரில் இருக்கிறது. பின்னால் திருப்பிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 40 சதவீதம் என்று அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டால் நாட்டின் பற்றாக்குறையே தீர்ந்துவிடும்.

இப்போது வீட்டில் இரண்டு கட்சி. பாட்டியும் நாங்களும் பழைய நீள வண்டிப் பக்கம். பிள்ளைகள் 3,995இல் ஒரு புது வண்டிப் பக்கம். புது சீட்டின் பிளாஸ்டிக் வாசனை வேண்டுமாம். இழுபறியை முடிப்பதற்கு முன் ஒரே ஒரு தெளிவுரை வேண்டும்.

புது வண்டி எடுத்தால் முன் பம்பரில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் படிகாரமும் கட்டாமல் பாட்டி தெருவைத் தாண்ட விடமாட்டார். நாங்கள் அளந்து பார்த்த எலுமிச்சை 42 மி.மீ. 3,995ஓடு சேர்த்தால் 4,037. வண்டியின் அளவுகள் மோட்டார் வாகனச் சட்டம் 1988இன்படி கணக்கிடப்படும் என்று தங்கள் அறிவிக்கை சொல்கிறது. அந்தச் சட்டத்தில் எலுமிச்சை வண்டியின் பாகமா, உதிரிப் பாகமா, அல்லது சரக்கா? வண்டியின் பாகம் என்றால் மேற்கொண்டு 22 சதவீதம் கட்ட எங்களுக்கு வசதியில்லை. சரக்கு என்றால், வாரம் ஒருமுறை மாற்றுகிற எலுமிச்சைக்கு இ-வே பில் எடுக்க வேண்டுமா என்பதையும் சேர்த்தே தெரிவிக்கவும். பழம் வாடுவதற்குள் பதில் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
மேற்படி ஐவர்.