சிவப்பு மையில் ஒரு கேள்வி

தம்பி மகள் இந்த ஆண்டு பி.எஸ்ஸி. கணிதம் சேர்ந்திருக்கிறாள். முதல் நாள் வகுப்பு முடிந்து வந்த மாலையில், "பெரியப்பா, இதப் பாருங்க" என்று கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். நுண்கணிதத் தாளுக்கு மட்டும் பத்துப் பக்கப் பாடத்திட்டம். அகமதிப்பீட்டுக்கு 25, பல்கலைக்கழகத் தேர்வுக்கு 75. அந்த 75-இல் இரண்டு மதிப்பெண் வினா பத்து, ஐந்து மதிப்பெண் வினா ஐந்து, பத்து மதிப்பெண் வினா மூன்று. பாடம் முடிந்ததும் மாணவி என்னென்ன செய்யக்கூடியவளாக இருக்க வேண்டும் என்று 'சி.ஓ. 1' தொடங்கி 'சி.ஓ. 5' வரை ஐந்து வரிகள். ஒவ்வொரு வினாவும் 'கே 1' என்ற நினைவுகூர்தலில் தொடங்கி 'கே 6' என்ற உருவாக்கல் வரை எந்தப் படியில் நிற்கிறது என்று ஓர் அட்டவணை. படித்து முடித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது, கொஞ்சம் ஏக்கமாகவும் இருந்தது. 1982-இல் நான் கல்லூரிக்குள் நுழைந்தபோது என்னிடம் எதை எதிர்பார்க்கிறார்கள் என்று யாரும் ஒரு வரிகூட எழுதித் தரவில்லை.

அப்போதெல்லாம் நெல்லைப் பக்கத்துக் கல்லூரிகள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தது 1990-இல்தான். பாடத்திட்டம் என்பது மூத்த மாணவர்கள் வாய்வழியாகச் சொல்லித் தெரிந்துகொள்வது. பழைய வினாத்தாள்கள் விடுதியில் கைமாறிக் கைமாறி மடிப்புகளில் கிழிந்திருக்கும். நாராயணனும் மாணிக்கவாசகம் பிள்ளையும் எழுதிய கால்குலஸ் புத்தகத்துக்குப் பழுப்பு அட்டை போட்டிருப்போம். அதன் முதல் பக்கத்தில் நமக்கு முன்னால் அதை வைத்திருந்த மூன்று பேரின் பெயர் அடிக்கப்பட்டு, நான்காவதாக நம் பெயர் இருக்கும். உங்களிடமும் அப்படி ஒரு புத்தகம் இருந்திருக்கும்.

பிளஸ் டூவில் கணக்கில் 200-க்கு 193 வாங்கிய பையன் நான். புத்தகத்தின் பயிற்சிக் கணக்குகள் எல்லாவற்றையும் மூன்று முறை போட்டுவிட்டால் கணிதம் முடிந்தது என்று முழுமனதாக நம்பியிருந்தேன். ஆகஸ்டில் வந்த முதல் வகுப்புத் தேர்வில் 50-க்கு 21. அதுவரை அப்படி ஓர் எண்ணை என் பெயருக்கு எதிரே நான் பார்த்ததில்லை.

மதிப்பெண்ணை விட அதிகம் நினைவிருப்பது ஒரு கணக்குதான். எக்ஸையும், 'ஒன்று கூட்டல் எக்ஸ் வர்க்கம்' என்பதன் வர்க்கமூலத்தையும் கூட்டி, அந்தக் கூட்டலின் எம் அடுக்கை ஒய் என்று எடுத்துக்கொண்டு, அதன் இரண்டாம் வகைக்கெழுச் சமன்பாட்டை நிறுவச் சொல்லும் கணக்கு. கணிதம் படித்தவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது போட்டிருப்பார்கள். ஒருமுறை வகையிட்டு, வர்க்கப்படுத்தி, மறுபடி வகையிட்டால் இரண்டு பக்கமும் '2 ஒய் ஒன்' வந்து நிற்கும். அதை இருபுறமும் ஒரு கோடு போட்டு அடித்தால் விடை வந்துவிடும். நானும் அடித்தேன், விடையும் வந்தது. பாடம் எடுத்த சார் அந்த அடித்தல் கோட்டைச் சுற்றி சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டு, ஓரத்தில் எழுதியிருந்தார்: "இது சுழி ஆகாது என்று எங்கே சொன்னாய்?" பத்துக்கு ஆறுதான்.

ஆசிரியர் அறைக்குப் போய், விடை சரியாகத்தானே வந்திருக்கிறது என்று கேட்டேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எழுதினதெல்லாம் சரிதாம்லே, இந்த ஒரு அடிதான் நொண்டுது. போய் யோசிச்சிட்டு வா" என்றார். அன்று மாலை ஆற்றங்கரை மண்டபத்தில் உட்கார்ந்து, இருட்டும்வரை அந்த ஒய் ஒன்னையே நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் ஆயிற்று. அந்த வர்க்கமூலம் எக்ஸின் அளவைவிட எப்போதும் பெரியது. அதனால் எக்ஸ் குறை எண்ணாக இருந்தாலும் கூட்டல் சுழிக்கு மேலேதான் நிற்கும். ஆகவே ஒய் ஒருபோதும் சுழி ஆகாது. எம் சுழியாக இல்லாதவரை ஒய் ஒன்னும் ஆகாது. எம் சுழியானால் ஒய் வெறும் ஒன்று, அப்போது நிறுவ எதுவுமே இல்லை. நான்கு வரி. எழுதிக்கொண்டு ஓடினேன். அவர் படித்துவிட்டு "ம்" என்றார். மதிப்பெண் மாறவில்லை. மாற்றச் சொல்லிக் கேட்க எனக்கும் தோன்றவில்லை.

எங்களில் சிலர் ராமானுஜனைச் சொல்லி ஆறுதல் தேடியபோதும் சார் இடம் கொடுக்கவில்லை. கும்பகோணத்தில் உதவித்தொகையை இழந்ததும், பச்சையப்பன் கல்லூரியிலிருந்து எழுதிய எஃப்.ஏ. தேர்வில் தவறியதும் மற்றப் பாடங்களால்தான், கணக்கால் அல்ல என்று சொல்லிவிட்டு, சாக்பீஸை எடுத்துக்கொண்டு பலகைப் பக்கம் திரும்பிவிட்டார்.

அந்தக் காலத்தில் எல்லாமே நன்றாக இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். என் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் ஒரு மலையடிவாரக் கிராமத்திலிருந்து வந்தவன், அவன் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். பன்னிரண்டு ஆண்டு தமிழில் கணக்குப் படித்துவிட்டு வந்தவனுக்கு 'நிறுவுக' என்றால் தெரியும், 'ஷோ தட்' என்றால் என்ன எழுத வேண்டும் என்று தெரியவில்லை. எந்த அடிக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்கலாம் என்பதும் தெரியவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்களா என்பது சந்தேகம்தான். தீபாவளி விடுமுறைக்கு ஊருக்குப் போனவன் திரும்பவில்லை. தம்பி மகள் காட்டிய பத்துப் பக்கத்தைப் பார்த்ததும் முதலில் அவன் முகம்தான் வந்தது. இப்படி ஒரு தாள் அன்று அவன் கையில் இருந்திருந்தால், தான் எங்கே நிற்கிறோம் என்றாவது தெரிந்திருக்கும்.

அதனால்தான் நானும் ஆசிரியரானபோது எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தேன், எந்த வினா எந்தப் பகுதியில் வரும், எத்தனை வரி எழுத வேண்டும், இன்டர்னலில் எதற்கு எவ்வளவு என்பதெல்லாம். பையன்கள் தேறினார்கள், அரியர் குறைந்தது. ஆனால் ஆண்டுகள் போகப்போக, பலகையில் எதை எழுதினாலும் "இது எத்தனை மார்க்ல வரும் சார்?" என்ற குரல் முதலில் எழத் தொடங்கியது. அது அவர்கள் குற்றமில்லை, நாங்கள் அப்படித்தான் பழக்கினோம். விடைத்தாள் திருத்தும் முகாமில் விடைக்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், வகையிட்டதற்கு ஒன்று, வர்க்கப்படுத்தியதற்கு ஒன்று, இறுதி விடைக்கு ஒன்று என்று கை ஓடும். '2 ஒய் ஒன்'னை அடிக்கும் இடத்துக்குக் குறிப்பில் மதிப்பெண் கிடையாது. அடித்ததற்குக் கிடைப்பதும் இல்லை, காரணம் சொல்லாததற்குக் குறைவதும் இல்லை. எத்தனை நூறு தாள்களில் அந்த அடித்தல் கோட்டைத் தாண்டி என் சிவப்புப் பேனா போயிருக்கும். ஒரு தாளிலாவது நின்று வட்டம் போட்டேனா என்று நினைத்துப் பார்க்கிறேன். போட்டதில்லை. போட்டிருந்தாலும் அந்தத் தாள் எழுதியவன் கைக்குத் திரும்பப் போகாது. பத்துப் புள்ளி அளவில் 'ஓ' என்றோ 'ஏ பிளஸ்' என்றோ ஓர் எழுத்து மட்டும் அவனுக்குப் போய்ச் சேரும். பரிசோதகர் என்ற ஒருவர் தன் நான்காவது வரியைப் படித்தாரா என்பது அவனுக்குத் தெரியவே தெரியாது.

இன்று முதலாண்டு மாணவர்களுக்குக் கணிதம் எடுக்கிற இளைய ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பத்துப் பக்கத் தாள் இருக்கட்டும், அதில் ஒரு வரியையும் குறைக்க வேண்டாம். ஆனால் முதல் வகுப்புத் தேர்வின் தாள்கள் உங்கள் கையால் திருத்தி நீங்களே திருப்பிக் கொடுப்பவை. ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரே ஒரு கேள்வி எழுதிக் கொடுங்கள். அதற்கு மதிப்பெண் வேண்டாம். பதிலோடு யாராவது ஆசிரியர் அறைக்கு வந்தால், உட்காரவைத்துப் படித்துப் பாருங்கள்.