சுவர் எழுதியவனின் ஓட்டு

தேர்தல் அறிவித்த மறுநாளே ஆரம்பாக்கத்துச் சுவர்களுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்து, மூலையில் கட்சிப் பெயரைக் கிறுக்கி இடம் பிடித்துவிட்டுப் போவார்களே, அந்தக் காலம் உங்களுக்கும் நினைவிருக்கும். அந்தச் சுவர்களில் பாதியை எழுதியவன் கும்மிடிப்பூண்டி முகாமிலிருந்து வந்த என் நண்பன். 1990இல் போருக்குத் தப்பிக் கடல் கடந்தவன். உதயசூரியனின் கதிரானாலும் இரட்டை இலையின் நரம்பானாலும் ஒரே கவனத்தோடு இழுப்பான். ராத்திரியில் விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கும் எனக்கு அந்தப் பச்சை வண்ணத்தின் வாசனையே திருவிழா.

1996இல் எனக்கு முதல் ஓட்டு. அண்ணனைப் போல 21 வயதுவரை காத்திருக்க வேண்டியதில்லை, 1989லேயே 18 ஆக்கிவிட்டார்கள். நீளமான சீட்டில் முத்திரை குத்தி, மை மறுபக்கம் ஒட்டாமல் மடிப்பதற்குள் கை நடுங்கியது. 2001இல் வந்த இயந்திரத்தில் ஒரு 'பீப்'போடு வேலை முடிந்துபோனதில் வசதி இருந்தது, அந்த நடுக்கம் இல்லை. நண்பனோ நடக்க முடியாத கிழவிகளை சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து சாவடி வாசலில் இறக்கிவிட்டு வெளியே நிற்பான். முடிவு வந்த அன்று, "நான் பேர் எழுதின ஆக்கள் வெண்டிட்டினம் மச்சான்" என்று என் மை விரலைப் பிடித்துப் பார்த்துச் சிரித்தான்.

தாத்தா காலத்தில், 1937 தேர்தலுக்கு, வரி கட்டியவர், எழுதப் படிக்கத் தெரிந்தவர், பட்டாளத்திலிருந்து திரும்பியவர் என்று தகுதி பார்த்துத்தான் ஓட்டு. எதிர்காலத்தில் தானாக முன்வந்து சேவை செய்தவருக்கே ஓட்டு என்று அமெரிக்கரான ராபர்ட் ஹைன்லைன் 1959இல் ஒரு நாவலே எழுதினார். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிறந்ததற்காகவே எனக்குக் கிடைத்ததை இன்னொருவர் உழைத்து நிரூபிக்க வேண்டும் என்பது என்ன நியாயம்? ஆனால் நம் 1955 குடியுரிமைச் சட்டமே அறிவியல், கலை, இலக்கியம், உலக அமைதி, மனித முன்னேற்றம் ஆகியவற்றுக்குச் சிறந்த தொண்டு செய்தவர்களுக்கு நிபந்தனைகளைத் தளர்த்த இடம் வைத்திருக்கிறது. சிப்காட் ஆலைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் வெயிலில் தொங்கி வண்ணம் அடித்த கைகளுக்கும் அந்த மனசு திறக்கட்டும்.

மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த நளினி கிருபாகரன் நீதிமன்றம் போய்ப் பாஸ்போர்ட் பெற்று, 2024இல் திருச்சியில் வாக்களித்த செய்தியை நண்பன் பலமுறை படித்தான். 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் என்பது அவருக்கு வழிவிட்டது. இவன் பிறந்தது யாழ்ப்பாணத்தில். மகள் இங்கேயே பிறந்தவள்தான். ஆனால் அந்தத் தேதிக்குப் பிந்தியவள், தாயும் முகாம்காரி. 2021இல் அரசு, அகதிகள் முகாம் என்பதை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. மகிழ்ச்சிதான், பட்டியலில் பேர் மட்டும் ஏறவில்லை.

தேசிய வாக்காளர் நாளன்று அவள் கல்லூரி என்.எஸ்.எஸ். மாணவிகளோடு தெருத்தெருவாகப் போய் எல்லோரையும் ஓட்டுப் போடச் சொன்னாள். கூடப் போன பெண்கள் அன்று மாலையே படிவம் 6 நிரப்பிக் கொடுத்தார்கள்.