ஆராய்ச்சியப்பன்

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து மனைவி தாய்வீட்டுக்குக் கிளம்புகிறாள். குழந்தை பிறக்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. ஆராய்ச்சியப்பன் மட்டும் மறுநாளே பிறந்துவிடுகிறார்.

வேளச்சேரியிலும் சரவணம்பட்டியிலும் அடுக்குமாடிக்கு ஒருவராவது தேறுவார். பெயர் மாறும், கம்பெனி மாறும். மடியில் இருக்கும் லேப்டாப்பும் அதில் திறந்திருக்கும் எக்செல் ஷீட்டும் மாறாது. ஷீட்டின் பெயர் 'துணியா, டயபரா?'. அதற்குள் விலை, தண்ணீர், மின்சாரம், சோப்பு, குப்பை என்று ஐந்து தலைப்புகள். பச்சைக் குழந்தைக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை மாற்ற வேண்டியிருக்கும் என்று யாரோ சொன்னதை முப்பதால் பெருக்கி, மொத்தத்தைப் பார்த்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மேலே தொடர்வார். 2025 செப்டம்பர் 22 முதல் டயபருக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியது. அன்றிரவு ஆராய்ச்சியப்பன்கள் யாரும் தூங்கவில்லை. எல்லாக் கணக்கையும் முதலிலிருந்து போட வேண்டியிருந்தது.

அவரிடம் தெரியாத்தனமாக, "டெலிவரி எப்போங்க?" என்று லிஃப்டில் கேட்டுவிட்டால் தீர்ந்தது. தேதி வராது, சரித்திரம்தான் வரும். அமெரிக்காவில் மரியன் டோனவன் என்ற தாய் குளியலறைத் திரையை வெட்டி, துணி நாப்பிக்கு மேலே மாட்டும் ஈரம் கசியாத உறை தைத்ததையும், 1949இல் அது நியூயார்க் கடையில் விற்பனைக்கு வந்ததையும் மூன்றாவது மாடிக்குள் சொல்லி முடிப்பார். விக்டர் மில்ஸ் என்ற பொறியாளர் பேரக்குழந்தைக்குத் துணி மாற்றி மாற்றி அலுத்துப்போனதும், அவர் வேலை பார்த்த கம்பெனி 1961இல் பாம்பர்ஸைக் கொண்டுவந்ததும் ஐந்தாவது மாடி. உலகத்துப் பாட்டிகள் எல்லாம் காலங்காலமாகக் கசக்கிப் பிழிந்தபோது நடக்காத ஒன்று, ஒரு தாத்தா கொஞ்ச நாள் மாற்றியதும் நடந்துவிட்டதே என்று நமக்குத் தோன்றும். அவருக்குத் தோன்றாது. அதற்குள் அவருடைய மாடி வந்திருக்கும்.

வீட்டுக்குள் செய்முறை வகுப்பு. புது டயபர் ஒன்றைக் கத்தரித்து, உள்ளேயிருக்கும் வெள்ளைப் பொடியை உதறி எடுத்து டம்ளரில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார். சற்று நேரத்தில் டம்ளரைக் கவிழ்ப்பார். ஒரு சொட்டு விழாது.

"சோடியம் பாலிஅக்ரிலேட்! சுத்தமான தண்ணின்னா தன் எடையைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு குடிக்கும். உப்பு இருந்தா அவ்வளவு குடிக்காது. அதனால மூத்திரத்துக்குக் கணக்கு வேற."

அவருடைய அம்மா கிட்டே வந்து பார்ப்பார். "எல்லாம் சரிடா. அதுக்குக் காபி டம்ளர்தான் கிடைச்சுதா?"

இத்தனை ஆராய்ந்தவர் டயபர் பக்கம் சாய்வார் என்றுதானே நினைப்போம்? இல்லை. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2008இல் வெளியிட்ட அறிக்கை அவர் கண்ணில் பட்டுவிடும். இரண்டரை வருஷத்துக்கு டயபரால் ஏறும் கரியமிலக் கணக்கு சுமார் 550 கிலோ, துணியால் 570 கிலோ. ஏறக்குறைய சமம். ஆனால் வாஷிங் மெஷின் நிரம்பத் துணி போட்டு, கொடியில் உலர்த்தி, அடுத்த குழந்தைக்கும் அதே துணியைக் கட்டினால் துணியின் கணக்கு 40 சதவீதம் இறங்கும். இதை ஒன்பது மாதக் கர்ப்பிணியிடம் போனில் உற்சாகமாக வாசித்துக் காட்டுவார். 'அடுத்த குழந்தைக்கும்' என்ற இடத்தில் எதிர்முனையிலிருந்து சத்தமே வராது. சிக்னல் போய்விட்டதென்று நினைத்து மறுபடி வாசிப்பார்.

அன்று முதல் அவர் துணிக்கட்சி. குப்பை எடுக்க வரும் அம்மாவை நிறுத்திவைத்து, திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி டயபரை நன்றாகச் சுற்றித்தான் போட வேண்டும், சுற்றுவதற்கு உறையைக் கம்பெனிக்காரனே தர வேண்டும் என்றெல்லாம் விளக்குவார். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க பேப்பர்ல சுத்திக் குடுத்தாலே புண்ணியம் சார்" என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார்.

குழந்தை பிறந்ததும் மாமியார் வீட்டுக்கு ஒரு பெட்டியோடு போய் இறங்குவார். உள்ளே பட்டன் வைத்த நவீனத் துணி டயபர்கள். "அத்தை, நாலஞ்சு தடவை துவைச்ச பிறகுதான் இது நல்லா உறிஞ்சும். துணி மெத்துன்னு இருக்கறதுக்கு ஊத்துற வாசனைத் தண்ணி மட்டும் சேர்க்கவே கூடாது."

"அது பாட்டுக்கு இருக்கட்டும் மாப்பிள்ளை" என்பார் அத்தை. அவரிடம் மாமனாரின் பழைய எட்டு முழ வேட்டிகள் சதுரம் சதுரமாகக் கிழிபட்டு, துவைத்துக் காய்ந்து, டிரங்குப் பெட்டி நிறைய அடுக்கியிருக்கும். ஒன்றை எடுத்து முக்கோணமாக மடிப்பார். குழந்தையின் இரண்டு காலையும் ஒரே கையில் தூக்கி, துணியை அடியில் தள்ளி, நடு நுனியை மேலே கொண்டுவந்து பக்க நுனிகளோடு முடிச்சுப் போடுவார். மாப்பிள்ளை போனில் வீடியோவைத் திறப்பதற்குள் அடுத்த துணிக்கு வேளை வந்துவிடும்.

கிணற்றடியில் அத்தை உட்கார்ந்து அலசும்போது மாப்பிள்ளை இரண்டடி தள்ளி நின்று, "அத்தை, முதல்லயே வெந்நீர் ஊத்திடாதீங்க, கறை பிடிச்சுக்கும். வெயில்ல போட்டா மஞ்சள் தானாப் போயிடும்" என்பார். மூன்று பிள்ளை பெற்றவர் நிமிர்ந்து பார்த்து, "சரிங்க மாப்பிள்ளை" என்பார். அதைவிட மரியாதையாக யாரும் யாரையும் திட்டிவிட முடியாது.

கதை சூடு பிடிப்பது, தாயும் பிள்ளையும் அடுக்குமாடிக்குத் திரும்பிய பிறகுதான். ஐப்பசி அடைமழை. பால்கனிக் கொடி நிரம்பி, ஜன்னல் கம்பி நிரம்பி, நாற்காலி முதுகுகளும் நிரம்பி, கடைசியில் இஸ்திரிப்பெட்டியால் ஒவ்வொரு துணியாக ஈரத்தை விரட்ட வேண்டிய நிலை. வேலைக்கு வரும் அக்கா, "குழந்தைத் துணின்னா தனிச் சம்பளம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஆபீஸ் மீட்டிங்கில் ஆராய்ச்சியப்பனின் தலைக்குப் பின்னால் மாமனார் வேட்டி எட்டுத் துண்டாகத் தொங்குகிறது.

அந்த வாரம் வீட்டுக்கு ஒரு பெரிய டயபர் மூட்டை வந்து இறங்குகிறது. மனைவி ஆர்டர் போடவில்லை. எதிர்வீட்டுப் பையனைப் பிடித்துப் போட்டது ஆராய்ச்சியப்பனின் அம்மா. "டயபர் போட்டா கால் அகண்டுடும், உன்னை நான் துணியிலதான் வளர்த்தேன்" என்று நாலு மாதமாகச் சொல்லிவந்த அதே அம்மா.

"என்னம்மா இது?"

"துணிதான் நல்லதுன்னு இப்பவும் சொல்றேன்டா. நான் துவைக்கிறேன்னு எப்பவாவது சொன்னேனா?"

மனைவி ஒன்றும் பேசவில்லை. லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, ஷீட்டில் ஆறாவதாக ஒரு தலைப்பு அடித்தாள்: 'அலசுவது யார்?' சனி, ஞாயிறுக்கு நேரே கணவன் பெயரைப் போட்டாள்.

சனிக்கிழமை காலை அவர் துணியின் நுனியை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கியதை அம்மா பார்த்தார். "முழுக் கையையும் விட்டுக் கசக்குடா. உன் பிள்ளைதானே!" போர் தண்ணீரில் நுரை வரவில்லை. சோப்பைக் கூட்டினார், நுரை வந்தது, பிறகு அது போகவில்லை. ஐந்தாவது துணியைப் பிழிந்து நிமிர்வதற்குள் வாளியில் புதிதாக மூன்று விழுந்திருந்தன. தண்ணீர், சோப்பு, மின்சாரம் மூன்றுக்கும் ஷீட்டில் கணக்கு இருந்தது. இடுப்புக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் நீண்ட செய்தி ஒன்று வந்தது. 'பகலில் துணி, இரவிலும் பயணத்திலும் டயபர். எதுவானாலும் ஈரத்தோடு விடாமல் மாற்றினால் புண் வராது. பல மாத ஆய்வின் முடிவு.' அந்தக் கட்டடத்தில் பிள்ளை பெற்ற பெண்கள் எல்லோரும் ஷீட் போடாமலே செய்துவருவது இதைத்தான். ஆண்கள் வரிசையாகக் கட்டைவிரலைத் தூக்கினார்கள். நான்காவது மாடியில் இரட்டைக் குழந்தைகளின் தாய் மட்டும் கேட்டாள்: "சூப்பர் அண்ணா! எத்தனை நாள் துவைச்சுப் பார்த்துக் கண்டுபிடிச்சீங்க?"

ஆராய்ச்சியப்பன் ஏதோ தட்டுவதும் அழிப்பதுமாக இருந்தார். பதில் அவர் மனைவியிடமிருந்து வந்தது.

"ரெண்டு நாள். அதுக்குமேல ஆராய்ச்சி தாங்கல."